புகையை விட்டவருக்குப் புதுத்தோல் உண்டா?

கேள்வி: இருபது வருடம் சிகரெட் பிடித்துவிட்டு இப்போது நிறுத்திவிட்டேன். "இனிமேல் விட்டு என்ன, உள்ளே எல்லாம் கரிதான்" என்கிறாள் மனைவி. உண்மையா?
– வாசகர், உழவர்கரை

பதில்: வீட்டம்மா சொல்வதை மறுக்கிறேன், ராத்திரி சாப்பாட்டுக்கு நான் பொறுப்பல்ல! மூச்சுக்குழாயின் உள்தோலின் அடியடுக்கில் 'அடித்தளச் செல்கள்' என்ற ஸ்டெம் செல்கள் குந்தியிருக்கின்றன. மேலே உள்ளவை செத்தால் இவை பெருகி, சளி சுரக்கும் செல்லாகவும், அந்தச் சளியைத் தொண்டைக்குத் தள்ளிவிடும் நுண்மயிர்ச் செல்லாகவும் மாறும். புகை இவற்றின் டிஎன்ஏவிலேயே கை வைக்கும். ஆனால் 2020-ல் 'நேச்சர்' இதழில் வந்த பிரிட்டன் ஆய்வைக் கேளுங்கள்: புகையை விட்டவர்களின் மூச்சுக்குழாய்ச் செல்களில் 20 முதல் 40 சதவீதம், சிகரெட்டையே தொடாதவர் செல்லைப் போல இருந்தனவாம்! புகைக்குத் தப்பிப் பதுங்கியிருந்த ஸ்டெம் செல்கள் விட்ட நாற்று அது என்று ஊகிக்கிறார்கள். ஆனால் நுரையீரலின் காற்றறைகள் உடைந்திருந்தால் அவை திரும்பி வராது. மூச்சு வாங்கினால் கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனையில் காட்டுங்கள்; வழியில் பெட்டிக்கடைப் பக்கம் திரும்பாமல் போங்கள்.