டி.டி.டி. காலமும் டிரம் காலமும்

அறுபதுகளில் சேரன்மாதேவிப் பக்கத்துக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு மலேரியாக்காரர்களைத் தெரியாமல் இருக்காது. வாளியும் கைப்பம்புமாகத் தெருவுக்குள் வருவார்கள். “அடுக்களைக்குள்ள மட்டும் வேண்டாம் தம்பி” என்று எங்கள் ஆச்சி மறிப்பாள். “உள்சுவருல அடிச்சாத்தான் ஆச்சி கொசு சாகும். சாப்பாட்டுச் சாமானை வெளிய எடுத்து வச்சிருங்க” என்பார் மருந்தடிக்க வந்தவர். சுவரெங்கும் டி.டி.டி. மருந்தின் வெள்ளைப் படலம் படியும். அடித்த தேதியைக் கதவோரம் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள்.

ஆச்சி இறங்கி வந்தது மூட்டைப்பூச்சிக்காக. முதல் தடவை அடித்தபோது கட்டிலைத் தட்டினால் செத்த பூச்சிகள் உதிர்ந்தன. சில வருஷங்களில் மருந்து அடித்த வீட்டிலேயே மூட்டைப்பூச்சி உயிரோடு ஊர்ந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது மருந்துப் படலத்தின் மேலேயே சுண்ணாம்பு பூசினார்கள். யாரும் தடுக்கவில்லை.

டி.டி.டி. செய்த நன்மையை மறக்கக் கூடாது. விடுதலையின்போது ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்று மதிப்பிட்டிருந்தார்கள். 1953இல் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 1958இல் அதுவே ஒழிப்புத் திட்டமானது. 1965 வாக்கில் நோயாளிகள் 1 லட்சம் அளவுக்குக் குறைந்தார்கள். 1976இல் அந்த எண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டியது. பணமும் கண்காணிப்பும் தளர்ந்தது ஒரு காரணம். மருந்துக்குச் சாகாத கொசு பெருகியது இன்னொரு காரணம். வீட்டுச் சுவரில் டி.டி.டி. அடித்த அதே காலத்தில், கார், பிசான நெல் பருவங்களில் வயலில் பி.எச்.சி. பூச்சிமருந்துப் பொடி தூவினோம். வயல் தண்ணீரில் வளரும் கொசுப் புழுவுக்குப் பூச்சிமருந்து அங்கேயே அறிமுகமாகிவிட்டது.

கொசு எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஆயிரக்கணக்கான கொசுக்களில் ஒன்றிரண்டுக்குப் பிறவியிலேயே நரம்பில் சிறு மாற்றம் இருக்கும். மருந்து அங்கே பிடிக்காது. மற்றவை செத்தபின் மிஞ்சுகிற அவைதான் முட்டையிடும். இன்று பல கொசுவிரட்டிகளிலும் புகைமருந்துகளிலும் இருக்கும் பைரித்ராய்டு வகை, டி.டி.டி. தாக்கும் அதே நரம்பு வாசலைத்தான் தாக்குகிறது. அந்த வாசல் மாறிய கொசுவுக்கு இரண்டுமே பலிக்காமல் போகலாம்.

அன்று கால்வாய்க்கரைக் கொசுவுக்குப் பயந்தோம். இன்று பயம் வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. 2012இல் தமிழ்நாட்டில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தபோது, திருநெல்வேலி மாவட்டம்தான் கடுமையாக அடிபட்டது. அன்று நெல்லையோடு இருந்த கடையநல்லூர் படாத பாடு பட்டது. வற்றாத தாமிரபரணி ஓடும் மாவட்டத்தில், குழாயில் எப்போது தண்ணீர் வருமென்று தெரியாமல் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைத்தோம். நல்ல தண்ணீரில் வளரும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். ஊழியர்கள் வந்து அபேட் என்ற புழுக்கொல்லி மருந்தை ஊற்றினார்கள். தெருவில் புகை அடித்தார்கள். “நம்ம தெருவுக்குப் புகை அடிச்சாச்சா அண்ணாச்சி?” என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி, கொசு செத்ததா என்பது. அதை அறிய உலக சுகாதார நிறுவனத்தின் எளிய சோதனை இருக்கிறது. ஊர் டிரம்களிலும் டயர்களிலும் புழு எடுத்து, கொசுவாக வளர்க்க வேண்டும். ரத்தம் குடிக்காத பெண் கொசுக்கள் இருபத்தைந்தை, மருந்து தோய்த்த தாள் சுற்றிய குழாயில் ஒரு மணி நேரம் விட வேண்டும். பிறகு மருந்தில்லாத குழாய்க்கு மாற்றி, சர்க்கரைத் தண்ணீர் வைத்து, 24 மணி நேரம் கழித்து எண்ண வேண்டும். இப்படிப் பல குழாய்களில் செய்து, நூற்றுக்கு 98 செத்தால் மருந்து பலிக்கிறது. 90க்குக் கீழே போனால் எதிர்ப்பு வந்துவிட்டது. வேறு வகை மருந்துக்கு மாற வேண்டும்.

எங்கள் சுவரில் எழுதிய தேதி, மருந்து அடித்ததைச் சொன்னது, பலித்ததைச் சொல்லவில்லை. இனி ஒவ்வொரு ஊருக்கும் அந்த ஊர்க் கொசுவின் சோதனை முடிவு வேண்டும். அதை ஊராட்சி அலுவலகத்தில் எல்லோரும் படிக்கும்படி ஒட்ட வேண்டும். கொசுவைக் கொல்லும் மருந்துகள் சிலவே. வீணாக அடித்துத் தீர்த்தால் அடுத்த காய்ச்சலுக்குக் கையில் ஒன்றும் இருக்காது. வாரம் ஒருமுறை டிரம்மின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவினால் ஒட்டியிருக்கும் முட்டை போகும். அது நம் வேலை. தாமிரபரணித் தண்ணீரைத் தினமும் குழாயில் கொடுத்து, டிரம்மே தேவைப்படாமல் செய்வது அரசின் வேலை. அதைக் கொசு ஒழிப்புச் செலவாகவே கணக்கில் எழுதலாம்.