ஒன்றரை அண்ணாச்சி

பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கு நான் போவது ஓசியில் பேப்பர் படிக்க. அங்கே வருகிற மற்றவர்கள் அரசாங்கத்தில் சேர வருகிறவர்கள். கையில் தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸில் புளியோதரை, பைக்குள் ஆறாம் வகுப்பு சமூக அறிவியல். முப்பது வயது ஆண்பிள்ளை ஒருவர் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சிந்துவெளிச் சாக்கடைக்குள் இறங்கியிருப்பதை முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 2024 குரூப் 4 தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 6,244, விண்ணப்பித்தவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல் என்று தெரிந்ததும் சிரிப்பை மடக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு தலைவர் உண்டு. எல்லா மாவட்ட நூலகத்திலும் உண்டு. ஊருக்கு ஊர் பெயர்தான் மாறும். எங்கள் ஆள் உட்காருவது வாசிப்பறையில் இல்லை, வெளியே சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய வேப்பமரத்தடியில். வயது முப்பத்தெட்டு, பி.எஸ்ஸி. கணிதம். சட்டைப்பையில் கறுப்பு மைப் பேனா இரண்டு. ஒன்று எழுத, மற்றது அது எழுதாவிட்டால் எழுத. ஓ.எம்.ஆர். தாளில் கறுப்புதான் செல்லும் என்பதால் நீலப் பேனா வாங்குவதையே நிறுத்திவிட்டார். சித்தப்பா மகள் கல்யாணத்தில் மொய் நோட்டைக் கறுப்பு மையில் எழுதி, மாப்பிள்ளை வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஒன்றரை அண்ணாச்சி என்ற பெயர் வந்த கதை சின்னது. குரூப் 4-ல் 200 கேள்வி, 300 மார்க், கேள்விக்கு ஒன்றரை. முதல் தடவை ஒன்றரையில் போனது. அடுத்த தடவையும் ஒன்றரை. மூன்றாவது தடவை மூன்று மார்க்கில் போனபோது, "ரெண்டு ஒன்றரைல போச்சு" என்றார். அதற்குப் பிறகு எவ்வளவில் போனாலும் அதை ஒன்றரையில் வகுத்துத்தான் சொல்வார். கணிதப் பட்டதாரி.

புதிதாக ஒரு பையன் வந்து நின்றால், அண்ணாச்சி அவன் பேரைக் கேட்க மாட்டார்.

"பி.எஸ்.டி.எம். வாங்கியாச்சா?"

பையன் விழிப்பான். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இருபது சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் கல்லூரியில் மட்டும் தமிழில் படித்தால் போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே படித்ததற்குச் சான்று வேண்டும் என்று 2020-ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். ஒன்றாம் வகுப்பு படித்த பள்ளிக்கூடத்தை இவன் இப்போது தேடிப் போக வேண்டும்.

"நோட்டிபிகேஷன் வரட்டும், பாத்துக்கிடலாம்னு இருக்காத. அப்ப போனா ஹெட்மாஸ்டர் லீவுல இருப்பாரு. ஹெட்மாஸ்டர் இருந்தா சீல் வச்சிருக்க பீரோ சாவி லீவுல இருக்கும். இன்னைக்கே பஸ் ஏறு."

அடுத்தது புத்தகம். கடையில் விற்கிற கைடு, டெலிகிராமில் பறக்கிற பி.டி.எஃப். எதையும் தொடக்கூடாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை பள்ளிப் புத்தகம்தான் வேதம், அதிலும் பழைய சமச்சீர் தனி, புதுசு தனி. "மெட்டீரியல் எழுதுதவன் யாரு? வேலை கிடைக்காதவன். அவன் எழுதினதப் படிச்சு ஒனக்கு எப்படிடே வேலை கிடைக்கும்?" என்பது அவருடைய தர்க்கம். அவரே மூன்று மெட்டீரியல் எழுதியிருக்கிறார், பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் என்பதைப் பையன் ஒரு வாரம் கழித்துத் தெரிந்துகொள்வான்.

மூன்றாவது, தமிழ். இருநூறில் நூறு கேள்வி தமிழ். அதில் நாற்பது சதவீதம் தேறாவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். "எல்லாவனும் கணக்குலதான் போவும்னு பயப்படுதான். கணக்கு மொத்தம் இருபத்தஞ்சு கேள்வி. தமிழ் நம்ம பாஷைதானன்னு தெனாவட்டா போறாம் பாரு, அவன்தான் கவுந்துட்டு வாரான்."

சொல்வது எல்லாம் சரி. எனக்கு இதில்தான் வியப்பு. ஓசியில் கிடைக்கிற ஆலோசனை இவ்வளவு சரியாக இருந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காலை ஒன்பது மணிக்குத் தேர்வு மையத்தின் கேட்டைப் பூட்டுவார்கள், முந்தின நாளே போய் மையத்தைப் பார்த்துவிட்டு வா, ஊரில் ஒரே பேரில் மூன்று பள்ளிக்கூடம் இருக்கும் என்பார். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மரத்தடியில் உள்ள அத்தனை பேரின் தேதியும் அவருக்கு மனப்பாடம். பிறந்தநாள் வாழ்த்து மாதிரி, "எலே, நாளையோட ஒன் சீனியாரிட்டி செத்துரும்" என்று போன் செய்வார்.

தனியார் வேலை பற்றியும் தெளிவாகத்தான் இருக்கிறார். ஒரு பையனுக்கு பைக் லோன் கொடுக்கிற கம்பெனியில் வேலை வந்தது. போகட்டுமா என்று கேட்டான். "கண்ணை மூடிட்டுப் போ. காலைல ரெண்டு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம் படி. மாசம் பொறந்தா வீட்டுல பத்தாயிரம் குடு. ஒங்கம்மா டம்ளர வைக்குத சத்தம் மாறும்லா, அதுலயே பாதிப் படிப்பு ஏறிரும்." அவரும் ஒரு காலத்தில் அதே மாதிரி கம்பெனியில் சேர்ந்தவர்தான். படிப்புக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று ஆறாவது மாதம் நின்றுவிட்டார். அவர் வீட்டு டம்ளர் சத்தம் பற்றி நான் விசாரித்ததில்லை.

பிறகு எங்கேதான் உதைக்கிறது?

ஓ.எம்.ஆர். தாளில் ஏ, பி, சி, டி என்ற நான்கு வட்டங்களோடு ஐந்தாவதாக 'இ' ஒன்று உண்டு. விடை தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். தெரியாத கேள்வியைக் காலியாக விடக்கூடாது, 'இ'-ஐக் கறுப்பாக்க வேண்டும். கடைசியில் எத்தனை ஏ, எத்தனை பி என்று எண்ணி எழுதும்போது எத்தனை 'இ' என்றும் எழுத வேண்டும். தனக்கு எவ்வளவு தெரியாது என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்கிற ஒரே இடம் இதுதான் என்று நினைக்கிறேன். வேறு சில இடங்களிலும் கொண்டு வரலாம்.

"கேள்வியோட மல்லுக்கட்டாத. தெரியலன்னா 'இ'. அடுத்ததுக்குப் போ" என்று ஊருக்கெல்லாம் சொல்கிற அண்ணாச்சி, தன் தாளில் இதுவரை ஒரு 'இ' போட்டதில்லை. அவரால் முடியாது. ஒரு கேள்வியைப் பார்த்ததும், இது எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எந்தப் படத்துக்குக் கீழே இருக்கிறது என்பது ஞாபகம் வரும். பழைய புத்தகத்தில் ஒரு வருடம், புதுப் புத்தகத்தில் ஒரு வருடம் இருப்பதும் ஞாபகம் வரும். கேள்வி கேட்டவர் எதைப் படித்திருப்பார் என்று யோசிப்பார். பன்னிரண்டு நிமிடம் போய்விடும். மறுநாள் மரத்தடியில் அந்த ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம் பேசுவார். அவர் விட்ட கடைசி இருபது கேள்வி பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

தற்காலிக விடைக்குறிப்பு வெளியானால் பக்க எண்ணோடு ஆட்சேபணை அனுப்புவது அவர்தான். ஒருமுறை அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டார்கள். அவருக்கு ஒன்றரை மார்க் ஏறியது. அதே விடையை எழுதியிருந்த எல்லாருக்கும் ஏறியது. கட்-ஆஃபும் ஏறியது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

தேறிப் போனவர்களும் அவரை விடுவதில்லை. திசையன்விளைப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து படித்தவள், சென்னையில் கவுன்சிலிங் நடக்கிற இடத்திலிருந்தே போன் செய்தாள். திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருக்கின்றன.

"அண்ணாச்சி, வருவாய்த்துறை எடுக்கவா, கருவூலம் எடுக்கவா?"

"வருவாய்த்துறைன்னா தேர்தல், வெள்ளம், முதலமைச்சர் வருகை, எல்லாத்துக்கும் ஓடணும். புள்ள ஒன் மொகத்த மறந்துரும். கருவூலம் எடும்மா. சேந்த ஒடனே துறைத் தேர்வுக்குக் கட்டிரு, மே மாசம் ஒண்ணு, டிசம்பர்ல ஒண்ணு. கணக்குத் தேர்வ மொதல்ல முடி. ப்ரமோஷன் லிஸ்ட் போடும்போதுதான் எல்லாவனும் புத்தகத்தத் தேடுவான். பவானிசாகர் ட்ரெயினிங் வரும், கொசுவலை எடுத்துட்டுப் போ."

பவானிசாகரில்தான் புதிய அரசு ஊழியர்களுக்கு அடிப்படைப் பயிற்சி. அண்ணாச்சி அந்த அணையைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் விடுதியில் எந்தப் பக்கத்து அறையில் காற்று வரும், சாப்பாட்டில் என்றைக்குப் பூரி என்பது வரை தெரியும். போய்வந்த நாற்பது பேர் சொல்லியிருக்கிறார்கள்.

சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. தேர்வாணையத்தை யாராவது திட்டினால்தான் கோபம் வரும். "1929-ல ஆரம்பிச்சதுடே. மாகாணத்துக்குன்னு ஒரு தேர்வாணையம் இந்தியாவிலேயே நமக்குத்தான் மொதல்ல வந்துச்சு" என்று, தாத்தா கட்டிய வீட்டைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொல்வார். பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பட்டதாரிக்கு இளநிலை உதவியாளர் தேர்வில் உச்ச வயது கிடையாது. ஆகவே அவரை இந்த மரத்தடியிலிருந்து எழுப்பச் சட்டத்தில் இடமில்லை. கட்டணமில்லாத மூன்று வாய்ப்புகள் மட்டும் என்றைக்கோ தீர்ந்துவிட்டன.

போன மாதம் அவர் கையில் ஒரு படிவம் இருந்தது. வேலையில்லா இளைஞர்களுக்கான உதவித்தொகை. பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருந்த பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், மூன்று வருடத்துக்கு. எத்தனையோ பேருக்கு நிரப்பிக் கொடுத்த படிவம். தனக்கென்று வாங்கியது இப்போதுதான். அவர் வகுப்புக்கு நாற்பது வயதோடு அதற்குக் கதவடைத்துவிடுவார்கள். வருமானத்துக்கு வி.ஏ.ஓ. கையெழுத்து வேண்டும், துணைக்கு வாங்க என்றார். போனேன்.

வி.ஏ.ஓ. எழுந்து நின்றுவிட்டார். பி.எஸ்.டி.எம். வாங்க அன்றைக்கே பஸ் ஏறிய பழைய பையன். தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ சொல்லி அனுப்பி, "அண்ணாச்சி, நீங்க எதுக்கு வந்தீய, ஒரு போன் பண்ணா நானே வருவேன்லா" என்று உருகினார். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள் என்ற இடத்தை அவரே நிரப்பினார். பிறகு பேனா நின்றது.

"அண்ணாச்சி... தொழில்னு கேக்குதான். என்ன போட?"

அண்ணாச்சி படிவத்தை வாங்கிப் பார்த்தார். பக்க எண்ணைத் தேடுகிறாரோ என்று எனக்குத் தோன்றியது. டீ வந்தது. குடித்தோம்.

"ஒனக்கு என்ன சொல்லிக் குடுத்தேன்? காலியா விடப்பிடாது," என்றார் கடைசியில். "'இ' போடு."