மருந்துக்குக்கூட இல்லை

பாறசாலை தாண்டி, எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தபால்காரரே தடுமாறுகிற ஊர் எங்களுடையது. கிணற்று வெள்ளத்தை ஒரு பாட்டிலில் கோரிப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தேன். மூன்றாம் நாள் தாள் வந்தது. புளிப்பு கொஞ்சம் கூடுதல். செம்மண் பூமியில் அது வழக்கம். இரும்பு பரவாயில்லை. இ.கோலை கிருமி உண்டு.

“கொதிக்க வச்சுக் குடிச்சா போதும் அண்ணா” என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்த பிள்ளை.

“மாத்திரை மருந்து ஏதும் கலந்திருக்கான்னு பாத்தியாம்மா?”

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மருந்துக்கு இதுல காலம் இல்லியே அண்ணா.”

கட்டத்தைத்தான் சொன்னாள். வாய் தவறி நாட்டு நடப்பையும் சொல்லிவிட்டாள். 2012-இன் ஐ.எஸ். 10500 என்கிற குடிநீர்த் தரத்தில் ஆர்சனிக்குக்குக் கட்டம் உண்டு. எண்டோசல்பானுக்கும் உண்டு. அதனால் பாதிக்கப்பட்ட காசர்கோட்டுப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்தவர்களுக்கு, ஒரு நஞ்சு கட்டத்துக்குள் வர எவ்வளவு ‘சேவை’ செய்திருக்க வேண்டும் என்று தெரியும். ஆன்டிபயாடிக், கருத்தடை ஹார்மோன், சர்க்கரை மாத்திரை ஆகியவை இன்னும் அந்தத் தகுதியைப் பெறவில்லை. கட்டம் இல்லாததை அளக்க மாட்டார்கள், அளக்காதது இருக்காது. ஆகவே எங்கள் கிணற்றில் மருந்து என்பது மருந்துக்குக்கூட இல்லை. முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இ.கோலை வானத்திலிருந்து விழவில்லை, குடலிலிருந்து வந்தது. கேரளக் கட்டட விதி கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் 7.5 மீட்டர் இடைவெளி கேட்கிறது. மூன்று சென்டில் வீடு, கிணறு, நம் குழி, மதிலுக்கு அப்பால் அடுத்த வீட்டான் குழி. டேப் பிடித்து அளந்தேன்: ஐந்தரை. மண் சலித்து நிறுத்தியிருக்க வேண்டிய முழுக் கிருமியே நடந்து வந்து சேர்ந்துவிட்டது. தண்ணீரில் கரைந்த மருந்து மட்டும் அமரவிளை செக்போஸ்ட்டில் லாரி நிற்பதுபோல் கைகட்டி நிற்குமா?

சர்க்கரைக்கான மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது விழுங்குகிறார். உடம்பு அதைச் சிதைப்பதில்லை. பெரும்பங்கு அப்படியே சிறுநீரில் இறங்கிக் குழிக்குப் போகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின்-மில்வாக்கி பல்கலைக்கழகத்தார் இதே மாத்திரை கலந்த நீரில் மீன் வளர்த்து, ஆண் மீனின் விதைப்பையில் முட்டைச் செல்கள் கிடப்பதை 2015-இல் எழுதினார்கள். கனடாவில் ஓர் ஏரிக்குள் 2001 முதல் மூன்று கோடைகள் கருத்தடை மாத்திரையின் ஹார்மோனைக் கலந்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். ஆண் மீன்கள் முட்டைப் புரதம் சுரந்தன. சின்ன மீன் கூட்டம் ஒன்று கிட்டத்தட்ட அற்றே போனது.

மீனுக்குத்தானே என்பீர்கள். உலக சுகாதார நிறுவனமும் 2012-இல், குடிநீரில் இருக்கிற துளி மருந்தால் மனிதருக்குத் தீங்கு நேர வாய்ப்பு மிகக் குறைவு என்றது. பல மருந்து சேர்ந்து, ஆயுள் முழுக்க உள்ளே போனால் என்ன ஆகும் என்பதில் அறிவு போதவில்லை என்றும் அதே அறிக்கை ஒப்புக்கொண்டது. முதல் வரியைப் படித்ததும் நம் அதிகாரிகளுக்குத் தூக்கம் வந்துவிட்டது.

கட்டம் போடவே தெரியாதவர்களா? இல்லை. ஐதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் ‘சுத்திகரித்து’ விட்ட நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மாத்திரை தின்கிற நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. 13 வருஷம் யோசித்து, 2020 ஜனவரியில் ஆலைக் கழிவில் 121 ஆன்டிபயாடிக்குகளுக்கு வரம்பு கட்டி வரைவு விட்டது ஒன்றிய அரசு. 2021 ஆகஸ்டில் இறுதி அறிவிக்கை வந்தது. 121-உம் மாயம். ரப்பர் யார் கையில் இருந்தது என்று கேட்காதீர்கள். பென்சில் வாங்கிக் கொடுத்தவர்கள் கையில்தான் இருக்கும்.

2025-இல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு இன்னொரு ஞானம் அருளியது. டிரமடால், டயசெபாம் உட்பட 17 மருந்துகள் மீந்தால் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், குழந்தை எடுத்துத் தின்றுவிடக் கூடாதல்லவா! தில்லியில் கக்கூஸ் தண்ணீர் எங்கோ போகிறது. எங்கள் ஊரில் ஐந்தரை மீட்டர் போகிறது. மீந்த மாத்திரையைத் திரும்ப வாங்கும் கேரளத்தின் புதுத் திட்டமும் அதே ஆண்டு பிறந்தது. பிறந்த இடம் வடக்கே கோழிக்கோடு. தெற்கே ஆஸ்பத்திரிக் கழிவுக்கு வேறு ஏற்பாடு இருந்தது. ராவோடு ராவாக லாரி ஏறித் திருநெல்வேலி நடுக்கல்லூரில் இறங்கியது. பசுமைத் தீர்ப்பாயம் அதட்டியதால் 2024 டிசம்பரில் திரும்பி வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். கொட்டியதை அள்ளலாம். கிணற்றில் கரைந்ததை எந்த லாரியில் ஏற்றுவது?

நெய்யாற்றின்கரைக்கு பஸ்ஸில் போனால் வழியெல்லாம் குழந்தையின்மை சிகிச்சைப் பலகைகள், ஒவ்வொன்றிலும் கொழுகொழு பிள்ளை. பக்கத்து வீட்டு மருமகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். மாமியார் ஜாதகத்தைப் பார்த்தாள், நடையைப் பார்த்தாள், மருமகளின் தாய் வழியில் யாருக்காவது உண்டா என்று விசாரித்தாள். கிணற்றை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. மகனைச் சோதிக்கச் சொன்ன டாக்டரை அன்றே மாற்றிவிட்டாள். புது டாக்டர் சினைப்பையில் நீர்க்கட்டி என்று எழுதிக் கொடுத்தது மெட்ஃபார்மின்.

நேற்று காலை மதில் வழியே கேட்டது.

“பழைய சீட்டு மாத்திரை மீந்து கிடந்ததே, என்னடி செஞ்ச?”

“கக்கூஸ்ல போட்டு வெள்ளம் ஊத்திட்டேன் அத்தே.”

பிறகு கப்பி கிரீச்சிட்டது. புது மாத்திரை விழுங்க வெள்ளம் கோருகிறாள்.