தணிகைப் படிகளும் ஒளிப்படக் கலைஞனின் படிமுறை வளர்ச்சியும்: ஒரு முன்னாய்வு

கலைஞன் படிப்படியாகத்தான் முன்னேறுகிறான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எத்தனை படி என்று எவரும் சொல்வதில்லை. திருத்தணியில் அது எண்ணப்பட்டுவிட்டது: 365, ஆண்டின் நாளுக்கு ஒன்றாக. லீப் ஆண்டின் பிப்ரவரி 29 அன்று கலைஞன் எங்கே கால் வைப்பான் என்ற வினா மேலாய்வுக்கு விடப்படுகிறது.

ஆய்வுப்பொருள், பாஸ்போர்ட் படமும் காதுகுத்துப் படமும் எடுத்துப் பிழைத்து, போன தை மாதம் 'ஆர்ட்டிஸ்ட்' ஆவதென்று முடிவெடுத்த ஒருவர். ஆய்வாளரும் அவரே. நடுநிலை கெடும் என்பார்கள். பேருந்துச் செலவு பாதியாகிறதே!

திட்டம் எளிது. நாளுக்கொரு படி, படிக்கொரு படம். இதற்கு முன்னோடி உண்டு. மட்டாஞ்சேரிக்காரரும் பி.டி.ஐ. செய்தி நிறுவனத்தில் படமெடுத்தவருமான அபுல் கலாம் ஆசாத், 2014இல் திருவண்ணாமலையில் 'ப்ராஜெக்ட் 365' தொடங்கி, ஒளிப்படக்காரர்கள் பலரைச் சேர்த்துக்கொண்டு அந்த ஊரைப் படங்களாகச் சேகரித்தார். அவருக்கு ஆள்பலம், எமக்கு முழங்கால் வலி. தமிழில் படி என்றால் படிக்கட்டு, படி என்றால் நகல், படி என்றால் கற்றுக்கொள். மூன்றும் எமக்குக் கிட்டின. பயணப்படிதான் இன்னும் கிட்டவில்லை.

முதல் கண்டுபிடிப்பு மொட்டை பற்றியது. காமிராவின் ஒளிமானி எதைக் கண்டாலும், 18 சதவீத ஒளியைத் திருப்பும் நடுச்சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். முடியிறக்கிச் சந்தனம் பூசிய தலை ஒன்று சட்டத்தை நிறைத்து நின்றால், 'அடேயப்பா, என்ன வெளிச்சம்!' என்று பயந்து ஒளியைக் குறைத்துவிடும். விளைவு, முருகன் சந்நிதியில் பூசிய சந்தனம் படத்தில் விபூதி ஆகிவிடுகிறது. ஒரு ஸ்டாப் கூட்டி எடுத்தால் சந்தனம் சந்தனமாகவே வரும். குடும்பத்தோடு நான்கு மொட்டைகள் வரிசையாக நின்றால் ஒன்றேகால் ஸ்டாப் தேவையா என்பது குறித்து ஆய்வாளருக்குள்ளேயே கருத்துவேறுபாடு நிலவுகிறது.

அடுத்தது ஆடிக்கிருத்திகைச் சோதனை. ஷட்டரை எட்டில் ஒரு நொடிக்கு இறக்கி, காவடிகளோடு தானும் ஏறியபடியே எடுத்தார். பூக்காவடிகள் கரைந்து மஞ்சள் ஆறாக ஓடின. இதை ஆய்வுலகம் அருவம் என்கிறது, காவடிக்காரரின் மைத்துனர், "என்ன சார், கை நடுங்கிடுச்சா?" என்றார்.

வடக்கே இருந்து வருபவர்கள் இவ்வளவு கடுமையாகப் பேசுவதில்லை. "ஒக்க ஃபோட்டோ தீயண்டி" என்று தெலுங்கில் அழகாகக் கேட்பார்கள். ம.பொ.சி. போன்றோர் போராடி, 1960 ஏப்ரல் 1 அன்று இவ்வூர் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. ஃபோட்டோவில் எதற்குத் தீ வைக்க வேண்டும் என்று அன்று எந்தத் தமிழ் ஒளிப்படக்காரராவது திகைத்தாரா என்பதற்குச் சான்றில்லை.

சட்டகவியலுக்கும் இம்மலை பங்களித்துள்ளது. உருவம் பார்க்கும் திசையில் இடம் விடு, அது படத்துக்குள்ளேயே பார்க்கட்டும் என்பது பாடநூல் விதி. இங்கே சுவாமிக்கு எதிரே உள்ள ஐராவதமோ சந்நிதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இந்திரனின் ஊர் இருக்கும் திக்கையே பார்க்கிறது. பிறந்த வீட்டு ஞாபகம் விதிகளுக்குக் கட்டுப்படாது போலும். 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களுக்குள் கைப்பேசி கூடாதென்று சொல்லிவிட்டதால், இப்படம் கண்ணால் மட்டும் எடுக்கப்பட்டது.

கலைவாழ்வின் வரவுசெலவு சுருக்கமானது. ஒரு காட்சிக்கூடம் 'கொஞ்சம் கான்செப்ட் சேருங்கள்' என்று பதில் எழுதியது. முருகன் சினம் தணிந்த இடமாதலால் இது தணிகை. ஆய்வாளரும் அன்று மாலையே நாற்பது படி ஏறினார். மூச்சு வாங்கியதில் சினத்துக்குக் காற்றே மிஞ்சவில்லை. மஞ்சள் ஆற்றுப் படத்தை அடிவாரத்து டீக்கடைக்காரர் காலண்டர் பக்கத்தில் மாட்டி, "நல்லாத்தான் இருக்குது சார். சாமி எங்க?" என்றார். பற்றுக்கணக்கில் 140 ரூபாய் கழிக்கப்பட்டது. இதுவே முதல் விற்பனை.

முடிவுரை எழுதும் தறுவாயில் ஆய்வு கவிழ்ந்தது. ஆங்கிலப் புத்தாண்டன்று துரைமார்களைப் போய்ப் பார்த்துக் கும்பிடுவதை விட்டுத் தணிகைத் துரையைக் கும்பிடலாமே என்று வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த படித்திருவிழா டிசம்பர் 31 அன்று நடக்கிறது. படிக்கு ஒரு திருப்புகழ், மஞ்சள், குங்குமம், கற்பூரம். நாளுக்கொன்றாக யாம் ஓராண்டுக்குப் பங்கு போட்டதைப் பஜனைக் கோஷ்டிகள் ஒரே மூச்சில் முடித்துவிட்டு மேலே போய்ச் சேர்கின்றன. மழை, கல்யாண ஆர்டர், முழங்கால் ஆகிய காரணங்களால் எண்பத்து மூன்றாம் படியிலேயே தங்கிவிட்ட ஆய்வாளர், அங்கே ஸ்டாண்டை விரித்துக் குனிந்திருந்தார். பின்னாலிருந்து ஓர் அம்மாளின் குரல்: "கொஞ்சம் ஒத்திக்கோ தம்பி, இந்தப் படிக்கு இன்னும் கற்பூரம் ஏத்தல."