உபுண்டுவின் முதல் பக்

"வேலை செய்யவில்லை. உடனே சரிசெய்யவும்." நிரலாளர்களுக்கு வரும் புகார்களில் இந்த ரகம் ஏராளம். எது, எங்கே, எதை அமுக்கியபோது? அதெல்லாம் அவர்கள் பாடு.

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் பக் (நிரல் கோளாறு) பட்டியலில் 1 என்ற எண் பெற்ற புகாரோ இலக்கண சுத்தம். 2004 ஆகஸ்டில் அதைப் பதிந்தவர், உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வர்த்தே. கோளாறு என்னவென்றால், கணினிச் சந்தையில் பெரும்பங்கு மைக்ரோசாஃப்டிடம் இருக்கிறதாம். நேரில் பார்த்து உறுதிசெய்ய வழியும் எழுதியிருந்தார்: உள்ளூர்க் கணினிக் கடைக்குப் போகவும். இதைவிடத் தெளிவாக ஒரு பக்கை யாரால் விளக்க முடியும்?

2013 மே மாதம் அவரே அதை மூடினார். உபுண்டு ஜெயித்துவிட்டதா என்றால், அதுதான் இல்லை. ஜனங்கள் கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் தாவிவிட்டார்கள். அங்கே கூகுளின் ஆண்ட்ராய்டு கொடி நாட்டியிருந்தது. இந்த மாற்றத்தில் தங்கள் பங்கு சிறிதுதான் என்று ஷட்டில்வர்த் ஒப்புக்கொள்ளவும் செய்தார். (பெரிய மனசுதான். நம் அலுவலகங்களில் பக்கத்து டீம் சரிசெய்ததற்கு நாம் கேக் வெட்டுவோம்.)

மேசைக் கணினிகளில் மட்டும் இன்றைக்கும் விண்டோஸ்தான் பெரும்பான்மை.