மேற்பார்வைச் செம்மல்

எங்கள் பேட்டை ஜிம்மில் டம்பெல் உண்டு, டிரெட்மில் உண்டு, சுவர் முழுக்கக் கண்ணாடி உண்டு. அவனவன் சிரத்தையை எடைபோட மட்டும் ஒரு கருவி இல்லாமல் இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்க வந்து சேர்ந்தவர் அண்ணன். சம்பளம் வாங்காமல், மேற்கொண்டு தானே மாதச் சந்தாவும் கட்டி இந்தத் தொண்டைச் செய்கிற பெருந்தகை இந்த ஊரில் வேறு யார்?

அவர் உழைப்பை அருகிலிருந்து பார்க்க வேண்டும். பெஞ்சில் படுத்து எட்டுத் தடவை கம்பியைத் தூக்குவார். கடைசி இரண்டில் மாஸ்டரின் விரல்கள் கம்பிக்கு அடியில் இருக்கும். அது வெறும் மரியாதைக்கு. பிறகு எழுந்து உட்கார்ந்து, துண்டைக் கழுத்தில் போட்டு, ஷேக்கரை நாலு குலுக்குக் குலுக்கிவிட்டுப் பார்வையை ஓடவிடுவார். கைக்கு அரை நிமிஷ வேலை, கண்ணுக்குக் கால் மணி நேர வேலை. கருவிழிக்கு இவ்வளவு கடுமையான பயிற்சி கொடுக்கிறவரை நான் கண்டதில்லை.

அந்தப் பார்வைக்கு ஒருவரும் தப்பமாட்டார்கள். மூலையில் ஒரு கல்லூரிப் பெண் வெறும் கம்பியைத் தோளில் வைத்து ஸ்குவாட் போடுகிறாள். அந்தக் கம்பியே 20 கிலோ என்பதெல்லாம் நம்மைப் போன்றவர்கள் மலைக்கிற விஷயம். "பிளேட் மாட்டாம என்னா ஸ்குவாட்டு? ரீல்ஸ் எடுக்க வந்திருக்கு" என்று அவர் ஒரே வரியில் முடித்துவிடுவார். முழங்கால் வலிக்கு டாக்டர் சொல்லி வந்து மெதுவாக சைக்கிள் மிதிக்கும் மாமி, 'டைம்பாஸ்'. ராத்திரி டெலிவரிப் பையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு அரை மணி நேரம் வியர்த்துவிட்டு ஓடுகிற பையன், 'சீரியஸ் இல்ல'. அவன் பகலெல்லாம் லிஃப்ட் இல்லாத மாடிகளில் ஏறி இறங்கியதைக் கணக்கில் சேர்த்து ஏமாறுகிற இளகிய மனசு அண்ணனுக்குக் கிடையாது. சாட்சி விசாரித்துக்கொண்டிருந்தால் தீர்ப்பு தாமதமாகும் அல்லவா.

உலக சுகாதார நிறுவனம் இந்த விஷயத்தில் ரொம்பவே செல்லம் கொடுத்துவிட்டது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, இரண்டு நாளாவது தசைக்கு வேலை என்று 2020இல் சொன்னது. அதோடு நின்றதா? அவ்வளவு முடியாதவர்கள் கொஞ்சம் செய்தாலும் நல்லதுதான் என்று சலுகை வேறு. அண்ணனிடம் அதெல்லாம் செல்லாது. வாரம் ஆறு நாள் வராதவன் சோம்பேறி. வேலை கொடுத்த தசை தேற ஓய்வும் வேண்டும் என்று மாஸ்டர் மெல்ல இழுத்தால், "அது புதுசா வர்றவனுக்கு, மாஸ்டர்" என்று அவருக்கே பாடம் நடத்துவார். தினம் 10,000 அடி நடக்காதவரை மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடையளவியின் பெயரோடு பரவியது, மருத்துவர் யாரும் ஆராய்ந்து எழுதிக் கொடுத்ததல்ல என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். "நடக்காம இருக்க இப்படியும் ஒரு சாக்கா!" என்று அவரைப் பாராட்டினார் அண்ணன்.

மற்றவர்கள் 'லெக் டே'யை ஏமாற்றுவதில் அவருக்கு இருக்கும் வருத்தம் சொல்லி மாளாது. தன் கால்களை மட்டும் மழைக்கும் வெயிலுக்கும் தொளதொளத்த டிராக் பேன்ட்டுக்குள் மறைத்து வைத்திருக்கிறார். அவ்வளவு அடக்கம்.

ஜனவரியில் அவருக்கு ஓய்வே கிடையாது. புது ஷூவும் வருஷச் சந்தாவுமாக வந்து நிற்கிறவர்களை வாசலிலேயே அளந்து, "பொங்கல் தாண்டாது" என்று நாள் குறித்துவிடுவார். குறித்ததோடு விட்டுவிடுகிற ஆளா? பக்கத்தில் போய் நின்று, "இந்த வெயிட்டுக்கா இப்படி மூச்சு வாங்குது, தம்பி?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்பார். ஜோசியம் பலிக்கக் கேட்பானேன்! பணம் கட்டிவிட்டு நின்றுபோகிறவர்களின் சந்தாவில்தான் ஏசி ஓடுகிறது, வாடகை போகிறது. கட்டிய அத்தனை பேரும் தினம் வந்தால் உள்ளே கால் வைக்க இடமிருக்காது. இப்படிக் கூட்டத்தைக் கழித்து, பணத்தை மட்டும் தங்கவைத்துக் கொடுக்கும் மனிதருக்கு முதலாளி இன்னும் சந்தாவில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. நன்றி கெட்ட உலகம்.

நேற்று அந்த டெலிவரிப் பையன் தயங்கித் தயங்கி வந்து, "அண்ணா, பெஞ்ச் ஃப்ரீயா? ஒரே ஒரு செட் போட்டுட்டுக் கிளம்பிடுறேன்" என்று கேட்டான். அண்ணன் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இன்னும் மூணு செட் இருக்குப்பா. இதுக்குத்தான் கொஞ்சம் முன்னாடியே வரணும்கிறது."