படம் எடுக்க என்ன இருக்கிறது?

கேள்வி: புனே கோத்ரூடில் குடியிருக்கிறேன். கேமரா வாங்கிவிட்டேன். சனிவார்வாடாவை எல்லோரும் எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். எங்கள் பேட்டையில் எடுக்க ஒன்றுமே இல்லையே?
– ஒரு வாசகர், புனே

பதில்: வீட்டுக்குப் பின்னாலேயே வேதாள் டேக்டி இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரம், மாநகரின் உச்சி. முருங்கை மரத்தை விடாத வேதாளம் மாதிரி நீங்களும் அதை விடாமல் ஏறுங்கள். மே மாதம் காய்ந்த பழுப்பாக நிற்கும் சரிவு ஜூலையில் பச்சையாகிவிடும். ஒரே பாறையில் நின்று இரண்டையும் எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஊர் என்று சண்டைக்கு வருவார்.

பிறகு ஜங்லி மகாராஜ் சாலைக்குப் போங்கள். பஸ் இரைச்சலுக்குப் பத்தடி தள்ளி 8ஆம் நூற்றாண்டுப் பாதாளேஸ்வர் குடைவரை. வட்டமான நந்தி மண்டபம் அபூர்வம். தொல்லியல் துறை இடம், முக்காலிக்கு அனுமதி வேண்டும். கையை நடுங்காமல் வைத்துக்கொள்வது மலிவு.

சனிவார்வாடாவையும் விட்டுவிடாதீர்கள். 1828 தீயில் அரண்மனை போய்விட்டது. மிஞ்சிய மதிலை எல்லோரும் தூரத்திலிருந்து எடுக்கிறார்கள். தில்லி தர்வாஜா வாசல் கதவின் இரும்பு முட்களை நெருங்கி எடுங்கள். யானை முட்டாமலிருக்க வைத்தவை. இப்போது முட்டுவது செல்ஃபிக்காரர்கள்தான்.

மிச்சத்தைச் சதாசிவ் பேட்டை வாசல்களில் தேடுங்கள். 'மதியம் ஒன்று முதல் நான்கு வரை மணி அடிக்காதீர்' ரகப் புணேரிப் பலகைகள்! எடுப்பதும் அந்த நேரத்தில்தான் உசிதம், வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார்.